வலது கக்கத்து உத்தியோகம்

என் அக்கா மஸ்தூராவைக் கட்டிக்கொண்ட துர்தி மச்சான் கோட்டையில் பெரிய உத்தியோகம் பார்க்கிறார் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் பீற்றிக்கொள்வார்கள். என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் முலாம்பழ விளைச்சலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டவன் விடாக்கண்டனாக இருந்தால் என் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கக்கம் பிடிக்கிறார்" என்பார்.

உண்மையும் அதுதான். புகாராவில் அமீரைப் பார்க்க வருகிறவன் தன் இஷ்டத்துக்குக் கையை வீசிக்கொண்டு அவர் முன்னால் போய்விட முடியாது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்து, பாதி நடத்தியும் பாதி தூக்கியும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பார்த்து முடிந்ததும் அதே இரண்டு பேர் அவனைப் பின்பக்கமாகவே நடத்தி வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அமீருக்கு முதுகைக் காட்டியவன் கதி அவ்வளவுதான். கக்கம் பிடிக்கிற இந்த இரண்டு பேருக்கும் உதாய்ச்சி என்று பெயர். மச்சான் வலப்பக்கத்து உதாய்ச்சி. இடப்பக்கத்துக்கு ஹம்ரா என்று ஒரு தடியர் இருந்தார். வலது கக்கம் ஒசத்தியா, இடது கக்கம் ஒசத்தியா என்று அந்த இருவருக்கும் ஆயுசு முழுக்கச் சண்டை. மச்சான் செத்தாலும் இடது கக்கத்தைத் தொடமாட்டார். ஹம்ரா காய்ச்சலில் படுத்த நாட்களில்கூட, "அது என் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டாராம்.

உத்தியோகம் மனிதரின் எலும்புக்குள் இறங்கியிருந்தது. எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால், சாப்பிட்டு முடித்து எழுந்து, என் அப்பாவைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே போவார். போகிற வழியில் தேநீர்க் கெண்டியை உதைப்பார். ஒரு தடவை கோழிக்கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான அன்று நடந்ததை அக்கா தன் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "வந்தாரு, வலது கக்கத்தைப் பிடிச்சாரு, அறைக்குள்ள கொண்டுபோய் உட்கார வெச்சாரு, அப்படியே பின்னாடியே நடந்து வெளியே போய்ட்டாரு. நான்தான் போய்க் கூட்டிக்கிட்டு வந்தேன்."

ஆனால் ஊரில் அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளையை மணவறைக்குக் கூட்டிப்போக அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிடித்த பிடியிலேயே, "பையனுக்குச் சம்மதமில்ல", "இவன் நேத்து ராத்திரி குடிச்சிருக்கான்" என்று என் காதில் சொல்லுவார். சொன்னது ஒருநாளும் தப்பினதில்லை.

"மூஞ்சியில என்ன வேணா காட்டலாம்டா ஷாதி. கக்கத்துல ஒண்ணும் மறைக்க முடியாது. பயந்தா வேர்க்கும், பொய் சொன்னா இறுகும். எனக்கு இந்த ஊர்ல பாதிப்பேரை மூஞ்சியால தெரியாது, கக்கத்தால தெரியும்" என்பார்.

ஷாதி என்பது நான். தொப்பிக்காரர் பஜாரில் குல்லா தைத்து விற்கிறேன்.

மச்சானிடம் கதைகள் குவிந்து கிடந்தன. பலாவ் தட்டைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடுவார். அவற்றிலே எங்கள் தெருவுக்கு உயிரான கதை ஒன்று உண்டு. அது இஸ்மத் எஃபெந்தியின் கதை.

இஸ்மத் எஃபெந்தி ஆட்டுத்தோல் வியாபாரியின் மகன். இஸ்தான்புல்லில் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியோடும் எஃபெந்தி என்ற மரியாதைப் பட்டத்தோடும் திரும்பியவர். உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வசந்தத்தில், புதுமாதிரிப் பள்ளிக்கூடம் ஒன்று திறக்க அனுமதி கேட்டு அமீரிடம் மனு கொண்டுபோனார். தர்பார் முற்றத்தில் காலை வைத்தாரோ இல்லையோ, முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன. மச்சானும் ஹம்ராவும் அவரை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு போனார்களாம். கால்கள் காற்றில் துழாவ, பாதி வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்துவிட்டது. அமீர் பார்த்துக்கொண்டிருக்கையில் குனிந்து எடுக்க யாருக்குத் தைரியம் வரும்? திரும்பி வரும்போது பின்பக்கமாக வந்ததால் தாண்டின பிறகுதான் செருப்பு கண்ணில் பட்டது, அதற்காக மறுபடி அமீரை நோக்கிப் போக முடியுமா? மனுஷர் ஒற்றைச் செருப்போடு வீடு போய்ச் சேர்ந்தார்.

மச்சான் இந்தக் கதையை வாயால் மட்டும் சொல்லமாட்டார். இரண்டு பேரை எழுப்பித் தன் கக்கத்தைப் பிடிக்கச் சொல்லி, காலைத் துழாவி, செருப்பை உதறிக் காட்டுவார். அது ஒரு தடவை போய்ப் பருப்புக் கிண்ணத்தில் விழுந்தது. குழந்தைகள், "ஒத்தச்செருப்புக் கதை சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு வாங்குவார்கள். அமீர் மனுவைத் தள்ளிவிட்டார், இஸ்மத் எஃபெந்தி மனம் கசந்து எல்லை தாண்டித் தாஷ்கண்டுக்கு ஓடிப்போனார் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்தபோதும் கதையை நிறுத்தவில்லை.

அப்படி ஓடியவர் பீரங்கிகளோடு திரும்பி வந்தார்.

முலாம்பழம் கனிகிற காலம் அது. மக்கள் பொங்கி எழுந்து முடியாட்சியைச் சாய்த்தார்கள் என்று பின்னால் மேடைபோட்டுப் பேசினார்கள். என் தெருவைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் மக்கள் நிலவறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஆகாய விமானம் என்று ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. ஊரின் பாதி எரிந்தது. மினார் உச்சியில் இருந்த நாரைகள் கூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டன. அமீர் அதற்கு முன்பே போய்விட்டார். கூடவே ஹம்ராவும் ஓடிவிட்டார்.

மச்சானுக்கு மட்டும் வேறு கவலை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது இடுப்புக்கச்சையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"இன்னைக்குத் தர்பார் நாள். யாராவது வந்தா யார் பிடிக்கிறது?"

அக்கா கதவுக்குக் குறுக்கே நின்றாள். "வர்றவன் பீரங்கியோட வர்றான். அவன் கக்கத்தை நீங்க பிடிக்கலன்னு அழப்போறானா? உட்காருங்க பேசாம."

"சொல்லாம கொள்ளாம லீவு போட்டா என்ன நினைப்பாங்க?"

"நினைக்கிறதுக்கு அங்க ஆள் இருந்தாத்தானே!"

புகை அடங்கினதும் எங்களை எல்லாம் கோட்டைக்கு முன்னால் இருக்கிற ரெஜிஸ்தான் மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். குதிரையில் வருகிறவன் இறங்கி நடக்க வேண்டிய இடம் அது. அன்றைக்குச் சிவப்புத் துணி கட்டிய பையன்கள் குதிரைமேல் உட்கார்ந்தபடியே நின்றார்கள். கோட்டைக்குள் இருந்து இன்னும் கருகின வாசனை வந்துகொண்டிருந்தது. ஒருவர் பீப்பாய்மேல் ஏறி, "இனி அமீர் கிடையாது. இனி நீங்கள் எல்லோருமே அமீர்!" என்றார்.

என் பக்கத்தில் நின்ற செருப்புத் தைக்கிற நுஸ்ரத் என் விலாவில் இடித்தான். "எல்லாரும் அமீர்னா வரி யாருகிட்ட வாங்குவாங்க?"

"நம்மகிட்டதான்."

"அதானே பார்த்தேன்" என்று நிம்மதியானான்.

அப்போது மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் பீப்பாய்மேல் ஏறினார். புரட்சி நீதிமன்றத்தின் தலைவர் என்றார்கள். கையை உயர்த்தி முழங்கினார். "தோழர்களே! நான் அந்தக் கொடுங்கோலனுக்கு முன்னால் நின்றவன். ஊரே நடுங்கியபோது நான் நடுங்கவில்லை. நிமிர்ந்து நடந்தேன். என் முழங்கால் வளையவில்லை!"

எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார். அக்கா தலைமுதல் கால்வரை மூடிய பரஞ்சாவுக்குள் இருந்து கையை நீட்டி அவர் தொடையைக் கிள்ளினாள். மச்சான் வாயை மூடினார்.

அன்று சாயங்காலம் தெருக்குளத்துப் படியில் அவசரக் கூட்டம். தெருவின் பெரியவர் பாபாபெக் அக்சகால் பேசினார்.

"இந்தத் தெருவுல அந்தக் கதையை யாரும் கேட்டதில்ல. புரியுதா? துர்தி சொல்லவும் இல்ல, நாம சிரிக்கவும் இல்ல."

"எந்தக் கதை பெரியவரே?" என்றான் நுஸ்ரத், புரியாமல்.

"சபாஷ், அப்படித்தான் பேசணும்!" என்று அக்சகால் அவன் முதுகில் தட்டினார்.

பயம் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் தெருவில் செருப்பு என்ற சொல்லே இல்லாமல் போயிற்று. "காலுக்குப் போடறது எங்கே?" என்று பிள்ளைகள் தேடினார்கள். பள்ளிவாசல் நடையில் களவு போனால், "என்னோட ஒண்ணைக் காணோம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நுஸ்ரத்திடம் யாராவது தொழில் என்ன என்று கேட்டால், "தோல் வேலை" என்றான். நானும் சும்மா இல்லை. கடையில் இருந்த வெள்ளைக் குல்லாக்களை எல்லாம் சிவப்புச் சாயத்தில் முக்கி எடுத்தேன். மழை பெய்த அன்று வாங்கினவர்கள் எல்லோரும் நெற்றி சிவந்து என்னைத் தேடி வந்தார்கள். அது தனிக் கதை.

அதற்குள் புரட்சி நீதிமன்றம் வேலையைத் தொடங்கிவிட்டது. அமீரின் ஆட்களைப் பிடித்து மைதானத்தில் நிறுத்தி விசாரித்தார்கள். வரி வசூலித்த அதிகாரியான ஒரு பெக்கையும், கோட்டைச் சிறையின் காவல்காரன் ஒருவனையும் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அக்கா மச்சானின் இடுப்புக்கச்சையை மாவுப்பானைக்குள் ஒளித்தாள். "யார் கேட்டாலும் குல்லா விக்கிறேன்னு சொல்லுங்க. தம்பிகிட்ட வேலை பார்க்கறேன்னு சொல்லுங்க" என்று தலையில் அடித்துச் சொன்னாள்.

சிப்பாய்கள் தெருவுக்குள் வந்து, "இங்கே அமீரின் ஆள் யாராவது உண்டா?" என்று பொதுவாகக் கேட்டார்கள். ஒருவரும் மூச்சுவிடவில்லை. அவர்கள் திரும்பிப் போகிற நேரம். மச்சான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "வலப்பக்கத்து உதாய்ச்சி துர்தி!" என்றார்.

பின்னால் கேட்டதற்கு, "பட்டத்தைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சுடா" என்றார். கூப்பிட்டால் போகாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

அவரை ஒட்டகச் சத்திரம் ஒன்றில் அடைத்தார்கள். அக்காவும் நானும் நானும் முலாம்பழமும் கொண்டுபோனோம். எங்கள் ஊரில் நான் என்றால் ரொட்டி. அந்த நேரத்தில்கூட மச்சான், "ரெண்டு நானா வந்திருக்கு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாடம் நடத்தினாள்.

"இங்க பாருங்க. நாளைக்கு உங்களை விசாரிக்கப் போறது அந்த ஆள்தான். அந்த ஆளுக்கு உங்களைத் தெரியாது. கக்கம் பிடிக்கிறவன் மூஞ்சியை எவன் பார்த்தான்? அதனால நீங்க ஒண்ணும் சொல்லலன்னா பிழைச்சீங்க. சொன்னா அவரு ஊர் முன்னாடி சொன்னது பொய்யாகும். அப்புறம் உங்களை விடமாட்டாரு. புரியுதா?"

"புரியுது."

"சரி, நான்தான் இஸ்மத் எஃபெந்தி. என்னைத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"அப்பாடா."

"கக்கம்தான் தெரியும்."

அக்கா நெற்றியைக் கம்பியில் முட்டிக்கொண்டாள். "உங்களை நான் என்னதான் செய்ய? ஒரே ஒரு பொய். பிள்ளைக்குட்டிக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதா?"

"வேற எதைப் பத்தின்னாலும் சொல்றேன் மஸ்தூரா. உங்க அம்மா சமையலைப் பத்தி எத்தனை வருஷமா சொல்லியிருக்கேன். ஆனா வேலையைப் பத்திக் கேட்டா நாக்கு புரளமாட்டேங்குது. அது ஒண்ணுதான் எனக்கு உருப்படியாத் தெரியும்."

அக்கா அழுதுவிட்டாள். எப்போதும் அவரைக் கேலி பண்ணிக்கொண்டே இருந்தவள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மைதானத்தில் கூட்டம். கருகிப்போன கோட்டை வாசலுக்கு முன்னால் ஒரு மேசை, அதன் பின்னால் இஸ்மத் எஃபெந்தி. பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். ஆண்கள் ஒரு பக்கம், பரஞ்சா போட்ட பெண்கள் சுவர் ஓரம். எங்கள் தெரு முழுக்க வந்திருந்தது. மச்சானுக்கு ஆதரவாக வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். கதை வெளியே வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பார்த்துக்கொள்ள வந்தார்கள்.

மச்சானை மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பிடிக்க ஆள் இல்லாமல் அவர் கைகளை நான் பார்த்ததே இல்லை.

"நீ அமீரோட கை. இந்த ஜனங்களைப் பிடிச்சு அந்தக் கொடுங்கோலன் காலடியில தள்ளின கை. ஒத்துக்கறியா?" என்று கேட்டார் இஸ்மத் எஃபெந்தி.

"இல்லீங்க. அமீரை நான் தொட்டதே இல்ல. நான் தொட்டதெல்லாம் ஜனங்களைத்தான். கணக்குப் பார்த்தா நான் ஜனங்களோட ஆளுங்க."

கூட்டத்தில் யாரோ க்ளுக் என்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"எதுக்குப் பிடிச்ச?"

"விழுந்துடாம இருக்கத்தான்."

"தப்பிச்சு ஓடிடாம இருக்கன்னு சொல்லு!"

"ஓடணும்னா காலு வேலை செய்யணுமேங்க. அங்க வந்தா யாருக்கும் காலு வேலை செய்யாது."

இந்த இடத்தில் இஸ்மத் எஃபெந்தி நிறுத்தியிருக்கலாம். மேடையில் அத்தனை தடவை சொன்ன பிறகு அவருக்கே தன் பேச்சு உண்மை என்று தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன். எழுந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார்.

"யாருக்குமேவா? நல்லா யோசிச்சு இந்த ஜனங்களுக்குச் சொல்லு. அமீருக்கு முன்னாடி நடுங்காம போனவன் ஒருத்தன்கூடவா கிடையாது?"

சுவர் ஓரத்தில் அக்கா இருமினாள். புரிந்துகொண்ட நுஸ்ரத் இருமினான். அக்சகால் இருமினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவே காசநோய் வந்ததுபோல் இருமிக்கொண்டிருந்தது. சிப்பாய் ஒருவன் பயந்துபோய் நாலடி தள்ளி நின்றான்.

மச்சான் யோசித்தார். "இருந்தாங்க. பெக்குங்க நடுங்கமாட்டாங்க. பட்டு அங்கி பரிசா வாங்க வர்றவங்க நடுங்கமாட்டாங்க."

"அவங்களை விடு. மனு கொண்டு வந்தவங்கள்ல?"

"மனு கொண்டு வந்தவங்க எல்லாரும் நடுங்கினாங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

இதோடு விட்டால் தப்பித்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த மனுஷர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்தார். குரல் மாறியிருந்தது.

"என்னைப் பாரு. நானும் மனு கொண்டு வந்தவன்தான்."

"தெரியுங்க. பள்ளிக்கூட மனு."

"நான் எப்படி வந்தேன்?"

இருமல் எல்லாம் சட்டென்று நின்றுபோயிற்று. மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தார். எந்தப் பரஞ்சாவுக்குள் அக்கா இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருக்க முடியாது. இருந்தும் எல்லாப் பெண்களையும் பார்த்துப் பொதுவாகத் தலையைத் தாழ்த்தினார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

"இருக்கறதிலேயே நீங்கதான் அதிகமா நடுங்கினீங்க எஃபெந்தி. காலு தரையிலயே படல. நாங்க தூக்கிக்கிட்டுத்தான் போனோம். பாதி வழியில செருப்புகூடக் கழண்டு விழுந்துடுச்சு."

செருப்பு! எத்தனையோ நாளாகத் தெருவில் ஒருவர் வாயிலும் வராத சொல், ஊரே கூடின இடத்தில் தொப்பென்று விழுந்தது. நுஸ்ரத்தால் தாங்க முடியவில்லை. அவன் முதலில் அழுகிறான் என்றுதான் நினைத்தேன். வாயைக் குல்லாவால் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவனைப் பார்த்து அக்சகால் சிரித்தார். அங்கிருந்து பிடித்துக்கொண்டது. மைதானமே சிரித்தது. சிவப்புத் துணிக்காரப் பையன்கள்கூடக் குதிரை மேல் உட்கார்ந்து சிரித்தார்கள். அந்த மைதானத்தில், ஆளுகிற நாற்காலியில் இருப்பவர் முகத்துக்கு நேரே ஜனங்கள் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. முடியாட்சி போய்விட்டது என்பது எனக்குப் பீரங்கி வெடித்தபோது தெரியவில்லை, அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகும் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சிரிக்கிற மாதிரி ஆட்கள் இல்லை.

இஸ்மத் எஃபெந்தியின் முகம் வெளுத்துவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்திருந்தார். சிப்பாய்கள் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தார்கள். அந்த வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வந்தால் என் அக்கா விதவை.

மச்சானுக்குக் கோபம் வந்தது. அந்த ஆள்மேல் இல்லை, எங்கள்மேல். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன சிரிப்பு? அவர் மனுவைப் படிச்சாருய்யா! நடுங்கிக்கிட்டே கடைசி வரி வரைக்கும் படிச்சாரு! நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன். நடுக்கம் வந்துட்டா எல்லாப் பயலும் வந்த விஷயத்தை மறந்துட்டு, ஆலம்பனா நீடூழி வாழணும்னு துஆ சொல்லிட்டுத் திரும்பிடுவான். இவர் ஒருத்தர்தான் படிச்சு முடிச்சாரு. என் கையில இருந்த கக்கம் தண்ணியா வேர்த்துக் கொட்டுது, வாய் மட்டும் நிக்கல. வீட்டுல கதை சொல்றப்ப இந்த இடத்தை நான் சொன்னதே இல்ல. சொன்னா நீங்க சிரிக்கமாட்டீங்களே!"

சிரிப்பு அடங்கிப்போயிற்று. நுஸ்ரத் குல்லாவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை பலாவ் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அந்தச் செருப்புக்காகக் கண்ணில் நீர்வரச் சிரித்திருக்கிறோம். அதற்கப்புறம் என்ன ஆச்சு என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

இஸ்மத் எஃபெந்தி மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, மேடைக் குரல் எதுவும் இல்லாமல், "கடைசி வரி என்னன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"பெஞ்சு கேட்டிருந்தீங்க. பசங்க குளிர்காலத்துல தரையில உட்கார்ந்து இருமுறாங்க, அதனால பெஞ்சு வேணும்னு."

"ஆமா. பெஞ்சு" என்றார் அவர். மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். "நீங்க வீட்டுக்குப் போகலாம்."

மச்சான் குனிந்து வணங்கிவிட்டு, வழக்கம்போலவே பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்.

"திரும்பி நடங்க. இங்க யாருக்கு வேணும்னாலும் முதுகைக் காட்டலாம்" என்றார் இஸ்மத் எஃபெந்தி.

மச்சான் நின்றார். ஆள்கிறவருக்கு முதுகைக் காட்டி அவர் ஆயுளில் ஓர் அடி எடுத்து வைத்ததில்லை. அப்படிக் காட்டினவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தவர். மெதுவாகத் திரும்பினார். எங்கள் எல்லோருடைய முகத்தையும் நேராகப் பார்த்தார். ஓர் அடி வைத்தார். இன்னொன்று வைத்தார். முதுகுக்குப் பின்னால் அந்த மேசையும் துப்பாக்கிகளும் இருந்தன. முழங்கால் இரண்டும் கிடுகிடு என்று ஆட ஆரம்பித்தன. விசாரணை முழுக்க நடுங்காத மனிதர், விடுதலை ஆனதும் நடுங்கினார்.

ஆண்கள் கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. சுவர்ப்பக்கத்திலிருந்து ஒரு பரஞ்சா புறப்பட்டு மைதானத்தின் நடுவே வந்தது. ஒரு பெண் அந்த இடத்தில் தனியாக நடந்துவந்ததைப் பார்த்து அக்சகால் வாயைப் பிளந்தார். அக்கா நேரே போய் மச்சானின் கக்கத்தில் கையைக் கொடுத்தாள்.

"எங்க விழறீங்க? நான் பிடிச்சிருக்கேன், நடங்க."

"ரெண்டு பக்கமும் வேணும்டி" என்றார் மச்சான், பல் கிட்டிக்க. "ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா ஆள் சாஞ்சுடும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தானே மச்சினன். என் கால் கிளம்புவதற்குள் இஸ்மத் எஃபெந்தி மேசையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்துவிட்டார். இன்னொரு பக்கத்துக் கக்கத்தில் கையைக் கொடுத்தார். பழக்கமில்லாத கை, கொஞ்சம் முரட்டுத்தனமாகவே பிடித்தது. மூவரும் என்னைத் தாண்டிப் போனபோது அவர் தணிந்த குரலில் கேட்டது என் காதில் விழுந்தது.

"அன்னைக்கு நான் ரொம்பக் கனமா இருந்தேனா?"

"இல்ல எஃபெந்தி. பயந்தவங்க எல்லாரும் ஒரே கனம்தான்" என்றார் மச்சான்.

அக்கா மைதானத்தின் ஓரம்வரை அவரை நடத்திக்கொண்டு போனாள். அந்த எஃபெந்தி கையை எடுத்துக்கொண்டு திரும்பிப்போன பிறகுதான் பரஞ்சாவுக்குள் இருந்து குரல் வந்தது.

"ஒரு பொய் சொல்லத் துப்பில்லாத மனுஷா, வீட்டுக்கு வாங்க. இருக்கு உங்களுக்கு."